அடைச்சூடு

முட்டையின் மேல் வைத்திருந்த பென்சில் புள்ளியைக் காணவில்லை.

தமிழ்வேந்தன் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தான். கைக்குழந்தையோடு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பவனுக்கு ஒரு பென்சில் புள்ளி தெரியாமல் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. தெர்மோகோல் பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே இருந்த பிளாஸ்டிக் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ஈரமான வெள்ளைத் துகளில் பாதி புதைந்து கிடந்த முட்டைகளில் இரண்டு மட்டும் மொழுக்கென்று வெறுமையாக இருந்தன. விரல் நுனியால் ஒன்றை மெல்ல உருட்டினான். புள்ளி அடியில் இருந்தது.

கோழி முட்டை என்றால் கவலையில்லை. அடையில் உட்கார்ந்த கோழியே தன் அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டிப் போடும். பல்லி முட்டை அப்படியல்ல. இட்ட ஒன்றிரண்டு நாளில் உள்ளிருக்கும் கரு மேல்பக்கத்து ஓட்டைப் பற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் தலைகீழாக்கினால் தன் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதனால்தான் முட்டையை எடுக்கும்போதே மேல்பக்கம் எது என்று புள்ளி வைப்பது. வேந்தன் இந்த லெப்பர்ட் கெக்கோக்களை, மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளி போட்ட அந்தத் தடித்த வால் பல்லிகளை, சில வருடங்களாக வளர்க்கிறான். முட்டையைப் புரட்டிவிடும் தப்பை அவன் ஒருபோதும் செய்ததில்லை.

ஹாலில் மனைவி ரோஜா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ லீவுக்கு மேல் ஒரு நாளும் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேந்தன்தான்.

“ரோஜா, சின்ன ரூமுக்குப் போனியா?”

“நான் எதுக்கு அங்க போறேன்? அதுங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுது.”

“முட்ட பொரண்டு கீது.”

“பல்லி பொரட்டியிருக்கும்.”

“பல்லி வேற டப்பாவுல கீது. இது மூடி வெச்ச பொட்டி.”

“அப்ப நீதான் பொரட்டியிருப்ப. நேத்து டீயில உப்பப் போட்டுக் குடுத்த ஆளுதானே நீ.” சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். “ஃபிரிட்ஜுல பால் எடுத்து வெச்சிக்கிறேன். சூடு காட்டி நேரத்துக்குக் குடு மாமா. போன் பாத்துக்கினே மறந்துடாத.”

அவள் இறங்கிப் போன பிறகு வீடு அமைதியாயிற்று. திருப்பதியில், திருச்சானூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய தெருவில், வெளிப்படிக்கட்டு வைத்த மாடி வீடு அது. சின்ன அறையில் மீன் தொட்டி இருப்பதாகத்தான் கீழ்வீட்டு சுகுணம்மாவிடம் சொல்லியிருந்தான். பல்லி என்றால் வாடகைக்கே விட்டிருக்க மாட்டாள். வேந்தன் நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். இரைச்சலில் நிம்மதியாகத் தூங்குவான், அமைதியில்தான் தூக்கம் வராது. பல்லிகளுக்குத் தீனியாக வளர்த்த சுவர்க்கோழிப் பூச்சிகள் ஒரு டப்பாவில் ஓயாமல் ரீங்கரிப்பது அவனுக்கு ஒரு துணை.

புரண்ட முட்டைகளைத் திருப்பி வைத்தான். செத்திருக்கும் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் போனின் டார்ச்சை ஒன்றின் அடியில் பிடித்தான். செத்த முட்டை மஞ்சள் தண்ணீராகத் தெரியும். இது உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்தாற்போல இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. ஓடெங்கும் சிவப்பு நரம்பு வேர்விட்டிருந்தது. நடுவில் ஒரு கருத்த பயறு. அது துடித்தது.

மறுநாள் காலையில் ஒரு புள்ளிகூட மேலே இல்லை.

பெட்டியைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டினான். டேப் பிரியவில்லை, முட்டைகள் புரண்டிருந்தன. டப்பாவுக்குள் பஞ்சால் அணை கட்டினான். பஞ்சு அப்படியே இருந்தது, முட்டைகள் புரண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் டார்ச் பிடித்தான். ஒவ்வொரு முறையும் நரம்புகள் தடித்திருந்தன, பயறு பெருத்திருந்தது. நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கையைக் கழுவினான், பால் பாட்டிலைக் கழுவினான், கழுவிய பாட்டிலையே மறுபடியும் கழுவினான். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் சின்ன அறையின் கதவைப் பார்க்கத் தோன்றியது.

அந்த வாரம் கத்திரி வெயில் உச்சத்துக்குப் போயிற்று. மத்தியானங்களில் தெருவில் நாய்கூட நடமாடாது. தார் உருகும் வாசனை மாடிவரை ஏறும். தூரத்தில் கங்கம்மா ஜாத்திரைக்கு மேளம் பழகுகிறவர்கள் அடிக்கும் அடி, காற்று இருக்கிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிக் கேட்கும். அப்படியொரு மத்தியானத்தில், பாயில் மடித்துப் போட்ட பழைய சேலைமேல் பாப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பல்லிகளுக்குப் புழு போடப் போனான் வேந்தன். கழுத்துகூட முழுதாக நிற்காத குழந்தை. போட்ட இடத்தில் கிடக்கும். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, கால்சியம் பொடியில் புரட்டிய புழுக்களைக் கிண்ணத்தில் போட்டான். பல்லிகள் வாலை ஆட்டி, குறி பார்த்து, கவ்வின. முதுகைச் சுவரில் சாய்த்தது மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது.

சுவர்க்கோழிகள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அதில்தான் விழித்தான்.

ஹாலுக்கு வந்தபோது பாப்பா குப்புறக் கிடந்தாள்.

முகம் சேலை மடிப்புக்குள் புதைந்திருந்தது. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. அசைவில்லை. வாரி எடுத்தான். தலை தொங்கியது. உதடு நீலமாக இருந்தது. அல்லது அது ஜன்னல் திரையின் நிழல். “பாப்பா! கண்ணு!” முதுகைத் தட்டினான். நெஞ்சில் காதை வைத்தான். அவன் காதுக்குள் அடித்த அவனுடைய ரத்தம்தான் கேட்டது. வேறெதுவும் இல்லை.

அப்போது அவனுக்குப் பின்னால் காற்று மாறியது. ஏதோ பெரிதான ஒன்று மெதுவாக மூச்சை விட்டுத் தணிந்து உட்கார்ந்தாற்போல, பிடரியிலும் முதுகிலும் ஈரமான ஒரு சூடு வந்து படிந்தது. பழைய தலையணைப் பஞ்சின் வாசனை. திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பாப்பா கண்ணைத் திறந்தாள்.

அழவில்லை. இருமவில்லை. அவன் தோளுக்கு மேலே, கூரைக்கும் கீழே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு கணகணவென்று சூடாக இருந்தது. அவளை மார்போடு அணைத்தபடி குனிந்து சேலையைப் பார்த்தான். காலையில் ரோஜா கன்னத்தில் வைத்த மைப்பொட்டு சேலையில் ஒட்டியிருந்தது. ஓர் இடத்தில் அல்ல. இந்த மடிப்பில் ஒன்று, அந்த மடிப்பில் ஒன்று, வரிசையாக, மங்கி மங்கிக்கொண்டே. அவன் தூங்கிய நேரம் முழுக்க ஏதோ ஒன்று அவளைப் புரட்டிப் புரட்டிப் போட்டிருந்தது.

அன்று மாலை ரோஜாவிடம் ஒரு வரிதான் சொன்னான். “பாப்பா இன்னிக்கு குப்புற விழுந்துட்டா.”

“அய்யோ! அதுக்குள்ளியா?” ரோஜா பையை எறிந்துவிட்டு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். “எம்மா தங்கம், நான் இல்லாதப்பவா விழுவ நீ?” நகரிக்குப் போன் போட்டு மாமனாரிடமும் மாமியாரிடமும் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் வேந்தனால் மற்றதைச் சொல்ல முடியவில்லை. நீலமாகத் தெரிந்த உதட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே சுகுணம்மா கீழிருந்து தட்டில் பொப்பட்டோடு, நம் போளிதான், ஏறிவந்தாள். “புள்ள குப்புற விழுந்தா பொப்பட்டு பண்ணி நாலு பேருக்குக் குடுக்கணும், மா இண்ட்லோ, எங்க வீட்ல, அதான் வழக்கம்” என்றாள். குழந்தையின் தாடையைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு, போகும்போது வாசலில் நின்றாள்.

“ஏமய்யா வேந்தா, கோபம் வேண்டாம். மேல கோடி பெட்டுக்குன்னாரா? கோழி, கோழி! வளக்கறயா?”

“இல்லியேம்மா. ஏன்?”

“மத்தியானம் படுத்தா மேல சத்தம் கேக்குது. அடைக்கோழி அடித்தொண்டையில மொனவுமே, கர்ர்ர், கர்ர்ர்னு, அந்த மாதிரி. சின்னக் கோழி கூட இல்ல. தளமே அதிருது.” அவள் சிரிக்கவில்லை. “வாசன வரும் பாபு. வேணாம்.”

அதற்குப் பிறகு பாப்பா அழுவதே இல்லை. பசித்தாலும் அழவில்லை, நனைத்தாலும் அழவில்லை. பால் கொடுத்தால் குடித்தாள். படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் குப்புறக் கிடந்தாள். திருப்பிப் போட்டால் பக்கவாட்டில் கிடந்தாள். அவள் தானாகப் புரளுவதை மட்டும் வேந்தன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. “ஒடம்பு கதகதன்னே கீதே” என்று ரோஜா அடிக்கடி தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை. “சமத்து மாமா இவ. வார்டுல இருக்கற கொழந்தைங்க கத்தற கத்துக்கு, நம்ம புள்ள சாமி.” இரவில் நிம்மதியாகத் தூங்கி எழுந்த அவள் முகம் தெளிந்திருந்தது. வேந்தன் தூங்கவில்லை. கண்ணயர்ந்தால் மல்லாந்து படுத்தவன் ஒருக்களித்துக் கிடந்தான். ஒருக்களித்தவன் குப்புறக் கிடந்தான். எல்லா மனிதரும்தான் தூக்கத்தில் புரளுகிறார்கள். ஆனாலும் விழிக்கும்போதெல்லாம் விலாவில் ஒரு மெத்தென்ற அழுத்தம் அப்போதுதான் விலகிய மாதிரி இருந்தது.

கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் அவன் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டான். முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் ஹீட் பேடு செத்துக் கிடந்தது. வெளியே அறை அடுப்பாகக் காய்ந்துகொண்டிருக்க, பெட்டிக்குள் சூடு காட்டும் மீட்டரின் முள் வழக்கமான இடத்திலேயே நின்றது, ஒரு இழைகூட நகராமல். உள்ளே இருந்த சூடு கம்பிச் சூடு அல்ல. வயிற்றுச் சூடு. அக்குள் சூடு. அவன் விரல்கள் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தபோது, மேலிருந்து மெத்தென்று ஏதோ ஒன்று அவன் புறங்கையில் இறங்கி, அதையும் ஒரு முட்டையைப் போல மெல்ல உள்ளே தள்ளியது.

கையை உருவிக்கொண்டு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவின் உள்பக்கத்து நிழலில், ரோஜா வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

சித்தூரில் மீன் கடை வைத்திருக்கும் சிவசங்கரனுக்குப் போன் செய்தான். இந்தப் பல்லித் தொழிலை வேந்தனுக்குக் கற்றுக்கொடுத்த பழைய சிநேகிதன். “என் முட்டைங்கள உன் பொட்டியில வெச்சிக்கிறியாடா? இங்க கரண்ட் நிக்கல.” அவ்வளவுதான் சொன்னான். சிவசங்கரன் எடுத்து வா என்றான்.

அவன் சித்தூருக்குப் போன நாள் ரோஜாவுக்கு வாராந்திர லீவு. அவன் கிளம்பும்போது அவள் பாப்பாவைக் குளிப்பாட்ட எண்ணெய் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். “போயிட்டு வந்து நல்லா தூங்கு மாமா. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கீது உனக்கு. சாயங்காலம் நானே பாப்பாவ ஊசிக்குத் தூக்கினு போறேன். நீ ஓடியாற வேணாம்.”

அவன் காதில் அது விழுந்தது. மனசில் விழவில்லை. முட்டைகள் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

பஸ்ஸில் டப்பாவைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். காலையில் கடைசியாக ஒருமுறை டார்ச் பிடித்துப் பார்த்தபோது முட்டைகள் மூடிய இமைகள்போலப் பருத்து, உள்ளே கருத்த உடம்புகள் சுருண்டு திரும்பியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண் துண்டைப் பார்த்தாள். திருப்பதியிலிருந்து பத்திரமாக மடியில் வைத்துக் கொண்டுபோவது வேறென்னவாக இருக்கும்?

“பிரசாதமா பாபு?”

“ஆமாம்மா.”

அவள் பயபக்தியோடு துண்டின்மேல் விரல்களை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இன்னும் சூடு ஆறலியே” என்றாள். பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. சிறிது நேரம் கழித்து அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாகாலாவில் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். வேந்தன் துண்டின் அடியில் கையை விட்டுப் பார்த்தான். டப்பா சில்லிட்டிருந்தது.

சிவசங்கரன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. தொட்டிகளின் நீல வெளிச்சத்தில் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“த்தூ! இன்னாடா வேந்தா இது?”

முட்டைகள் குழிந்து, சுருங்கி, சாம்பல் பூஞ்சை பூத்திருந்தன. ஒன்று ஒழுகிக் காய்ந்து துகளோடு இறுகியிருந்தது.

“இப்பத்தான்… வழியில வெயிலு…”

“வெயிலா? டேய், இதுங்க செத்து ஒரு மாசம் இருக்கும்.”

“காலையில டார்ச் அடிச்சுப் பாத்தேன் சங்கரா. நரம்பு ஓடிச்சு. திரும்புச்சு.”

சிவசங்கரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஒரு முட்டையை எடுத்து பிளேடால் கீறினான். கறுத்த தண்ணீர் வடிந்தது. அதில் ஒரு பயறளவு கரு, தொடங்கிய இடத்திலேயே நின்றுபோனது, வெளுத்து மிதந்தது. “பாரு. முட்ட போட்ட வாரத்துலியே பொரண்டு முழுகிக்கீது. நீ கூமுட்டைய வெச்சிக்கினு காவல் காத்திருக்க.” தோளைத் தட்டிச் சிரித்தான். “எங்க வூட்டு நாட்டுக்கோழி இப்பிடித்தான். முட்ட கெட்டுப்போச்சுன்னு அதுக்கு இன்னா தெரியும்? அது பாட்டுக்கு பொரட்டிக்கினு, சூடு குடுத்துக்கினு ஒக்காந்துகினு இருக்கும். கெளப்பி வுட்டாலும் போவாது.”

வேந்தன் சிரிக்கவில்லை. அந்தக் கறுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். செத்தவைதான். முதல் நாளே செத்தவை. அந்த வீட்டுக்குள், அந்தச் சூட்டுக்கு அடியில் இருந்தவரை அவற்றில் நரம்பு ஓடியது. வாசலைத் தாண்டி வந்ததும் எது உண்மையோ அதுவாக ஆகிவிட்டன.

சேலை மடிப்புக்குள் புதைந்த முகம். தொங்கிய தலை. காதை வைத்துக் கேட்டபோது ஒன்றும் கேட்காத நெஞ்சு.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு பாப்பா வாசலைத் தாண்டவில்லை. வெயிலுக்குப் பயந்து கீழ்வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

சாயங்காலம் நானே பாப்பாவ ஊசிக்குத் தூக்கினு போறேன்.

ரோஜாவுக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். கரண்ட் போய் சார்ஜ் இறங்கியிருக்கும். மறுபடியும். ஸ்விட்ச் ஆஃப். சிவசங்கரன் பின்னால் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஏறித் தொங்கினான். சுகுணம்மாவின் நம்பர் அவனிடம் இல்லை. ரோஜாவிடம்தான் இருந்தது. பஸ் எல்லா ஊரிலும் நின்றது. ஆள் இல்லாத இடத்தில்கூட நின்றது. பூதலப்பட்டு. பாகாலா. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை வியர்வையில் வழுக்கியது. இல்லை, நான் தூங்காதவன், என் புத்தி கலங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். குழந்தை பால் குடிக்கிறது. சிரிக்கிறது. ரோஜா நர்ஸ், அவளுக்குத் தெரியாதா? அடுத்த நிமிஷம் உதட்டின் நீலம் கண்ணுக்குள் வந்தது.

திருப்பதிக்குள் ஜாத்திரைக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. முகத்தில் சந்தனம் அப்பி, சேலை கட்டி, வேஷம் போட்ட ஆண்கள் வேப்பிலையோடு ஆடிப் போனார்கள். ஆட்டோ நகரவில்லை. இறங்கினான். ஓடினான். மேளம். புழுதி. வேப்பிலை வாசனை. தெரு முனை. கேட்.

ரோஜா மேலே வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பை. மார்பில், டர்க்கி டவலில் சுற்றிய பாப்பா. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

“வராத! ரோஜா, வெளிய வராத!”

படிகளை எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

“இன்னா மாமா? இன்னா ஆச்சு?”

“பாப்பாவ வெளிய எடுத்துனு போவாத.”

“ஊசி போட வேணாமா? கீழ ஆட்டோ வரச் சொல்லிக்கிறேன்.”

“முட்ட எல்லாம் செத்துப்போச்சு ரோஜா. முன்னாடியே செத்துதான் கீது. இங்க இருந்தவரைக்கும் உசுரு இருந்துச்சு. வெளிய போனதும்…” டவலுக்குள் தெரிந்த பாப்பாவின் முகத்தைப் பார்த்தான். “அன்னிக்கு பாப்பா குப்புற விழுந்தால்ல. அன்னிக்கு அவ மூச்சு…”

ரோஜா அவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பிதற்றுகிறவர்களைப் பார்க்கும் பார்வை, பொறுமையும் பயமும் கலந்தது. பாப்பாவின் தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்தாள். அவன் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். “துடிக்குதா? பாரு. நல்லா துடிக்குது.” துடித்தது. சீராக. பாப்பா அவன் தலைக்கு மேலே பார்த்துச் சிரித்தாள்.

“நீ போய்ப் படு மாமா. வந்ததும் டாக்டர்கிட்ட பேசலாம். உனக்குத்தான்.” அவன் கையை விலக்கினாள். அவன் மறுபடி பிடித்தான். அவள் இந்த முறை பலமாகத் தள்ளினாள். நாள்கணக்காகத் தூங்காத அவன் கால் மடங்கி நிலையோரம் சரிந்தான்.

அவள் வாசலைத் தாண்டினாள்.

செருப்புச் சத்தம் இறங்கியது. வேகமாக. பிறகு கொஞ்சம் மெதுவாக. கேட் தாழ்ப்பாள் நீக்கும் சத்தம். ஆட்டோவின் டுப் டுப். “எக்கடிக்கி அம்மா, எங்க போவணும்?” என்று டிரைவர் கேட்டான்.

பதில் இல்லை.

“அம்மா? எக்கடிக்கி?”

தூரத்து மேளம் மட்டும் கேட்டது. வேந்தன் எழ முயன்றான். நிலையைப் பற்றிய பிடி நழுவி மறுபடி சரிந்தான். அலறல் வரும் என்று பற்களைக் கடித்துக் காத்திருந்தான். அலறல் வரவில்லை. ஆட்டோ சற்று நேரம் நின்றது. கிளம்பியது. தெருமுனையில் தேய்ந்தது.

செருப்பு இல்லாத கால்கள் படியேறி வந்தன. ஒவ்வொன்றாக. ஒவ்வொரு படியிலும் நின்று.

ரோஜா அவனைத் தாண்டி உள்ளே போனாள். டவலின் முனையால் பாப்பாவின் முகத்தை மூடி, அதன்மேல் தன் உள்ளங்கையை அகல விரித்துப் பிடித்திருந்தாள். ஹாலில் நிற்கவில்லை. அவள் ஒருநாளும் கால் வைக்காத சின்ன அறைக்குள் நேராகப் போனாள். ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

“கதவச் சாத்து மாமா,” என்றாள் உள்ளிருந்து. அது அவள் குரல் மாதிரியே இல்லை. “சூடு போவுது.”

அவன் தவழ்ந்துபோய் வாசல் கதவைச் சாத்தினான். தாழ் போட்டான். சின்ன அறையின் கதவையும் சாத்தினான். இருட்டு. டப்பாக்களில் பல்லிகளின் நகம் பிளாஸ்டிக்கைக் கீறும் சத்தம். சுவர்க்கோழிகளின் ரீங்காரம். தரையில் டவலின்மேல் அவள் பாப்பாவைக் கிடத்தியிருந்தாள். அவன் பார்க்கவில்லை. தொடவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கை அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஐஸாக இருந்தது அந்தக் கை. வியர்வை இருவர் முதுகிலும் வழிந்தது. காத்திருந்தார்கள்.

பல்லிகள் கீறுவதை நிறுத்தின.

சுவர்க்கோழிகள் வாயை மூடின.

கூரையோரம், அடித்தொண்டையில், மெல்ல. கர்ர்ர். கர்ர்ர். தரை அதிர்ந்தது. பழைய பஞ்சின் வாசனை. அந்தச் சூடு, கனமாக, மெத்தென்று, அவர்கள் தலைக்கு மேலே இறங்கத் தொடங்கியது.

டவலுக்கடியில் ஒரு சின்னக் கால் உதைத்தது.

ரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவன் மணிக்கட்டை விட்டுவிட்டு, தரையில் பின்னுக்கு நகர்ந்து, சுவரோடு ஒண்டிக்கொண்டு, அது உட்கார இடம் விட்டாள்.